நான்காவது வாக்கியம்

கல்லூரிச் சொற்போர்களில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு கல்லூரியும் இருவரை அனுப்பும். ஒருவர் தலைப்பை ஒட்டிப் பேசுவார். மற்றவர் வெட்டிப் பேசுவார். சுழற்கேடயம் மட்டும், இருவர் பெற்ற மதிப்பெண்ணையும் கூட்டிப் பார்த்து, முந்திய கல்லூரிக்குத் தரப்படும். ஆகவே மேடையில் எவனை வீழ்த்த வேண்டுமோ அவனே நம் கூட்டாளி. அவன் சிறப்பாகப் பேசவும் வேண்டும், அவனை நாம் மிஞ்சவும் வேண்டும். இந்த விசித்திரமான உறவில் நானும் கோட்டக்குப்பத்துக்காரனான என் நண்பனும் மூன்றாண்டுகள் கழித்தோம். விழுப்புரத்தில் எங்கள் கல்லூரி முதல்வரின் அறைக்கு வெளியே இருந்த கண்ணாடி அலமாரியில் இடமில்லாமல் போனது எங்கள் இருவரால்தான். அதை இன்றும் நான் அடக்கமாகச் சொல்ல விரும்பவில்லை.

பெருமுக்கல் பக்கம் நிலம் உழும் குடும்பம் என்னுடையது. வீட்டில் யாரும் மேடை ஏறியவர்கள் இல்லை. நான் பேசிப் பழகியது விழுப்புரம் சந்திப்பின் கடைசி நடைமேடையில். சரக்கு ரயில் கடந்து போகும்போது அதன் இரைச்சலுக்கு மேல் என் குரல் எனக்குக் கேட்க வேண்டும், அதுதான் பயிற்சி. நண்பன் தண்டவாளத்துக்கு அப்பால் நின்று, கேட்டால் கையை உயர்த்துவான். எனக்கு நானே இரண்டு விதிகள் வகுத்துக்கொண்டிருந்தேன். உலகச் செய்தியை ஊர்ச் செய்தியாக்கு என்பது ஒன்று. கைதட்டல் விழாத இடத்தில் பேச்சை நிறுத்தாதே என்பது மற்றொன்று. முதல் விதி ஒரு தீங்கைச் செய்தது. இரண்டாவது விதி அதைச் சரிசெய்ய முடியாததாக்கியது.

எண்பத்தாறாம் ஆண்டு. ஐஸ்லாந்தில் இரண்டு வல்லரசுகளின் தலைவர்களும் இரண்டு நாள் உட்கார்ந்து பேசி, கையெழுத்தில்லாமல் எழுந்து போயிருந்தார்கள். எல்லா ஏவுகணைகளையும் ஒழிப்பது வரை பேச்சு வந்ததாம். விண்வெளியில் ஒரு கேடயம் அமைப்பேன் என்று ஒருவர் பிடித்த பிடியை விடாததால் எல்லாம் கலைந்ததாம். கார் கதவருகே நின்ற அந்த இருவரின் முகங்களையும் நாளிதழில் பார்த்து, அதை வெட்டி என் குறிப்பேட்டில் ஒட்டி வைத்திருந்தேன். சில வாரங்களில் திண்டிவனத்தில் ஒரு சொற்போர் அறிவிக்கப்பட்டது. தலைப்பு: ‘அணு ஆயுத ஒப்பந்தங்களைக் காக்க வல்லது பேச்சுவார்த்தையே.’

யார் ஒட்டுவது, யார் வெட்டுவது என்பதை நாங்கள் பேருந்தில்தான் முடிவு செய்வோம். இரண்டு பக்கத்துக்கும் தயாரித்துக்கொண்டு போவது எங்கள் திமிர். காகிதப் பொட்டலத்தில் வேர்க்கடலை, எங்கள் பக்கத்து மல்லாட்டை, வாங்கி, முதல் காயை நான் உடைப்பேன். இரண்டு பருப்பு இருந்தால் எனக்கு ஒட்டு. மூன்று இருந்தால் வெட்டு. அன்று மழை. பேருந்தின் தார்ப்பாய்த் திரையை இறக்கிவிட்டிருந்தார்கள். நான் உடைத்த காயில் மூன்று பருப்பு.

“எனக்கு எப்பவும் வெட்டுதான்டா வருது. நான் எதுக்குப் பொறந்தவன்னு மல்லாட்டைக்கே தெரியுது,” என்றேன்.

“வெட்டுறது சுலுவு. ஒட்டுறவன் பேஜாரு உனக்கு என்னா தெரியும்? எங்க வீட்ல ரெண்டு வருஷமா ஒட்டிக்கினே கீறோம்,” என்றான்.

அப்போதுதான் அவன் தன் அண்ணனைப் பற்றி முழுதாகச் சொன்னான். அண்ணன் வளைகுடாவுக்குப் போனது கடையில் விற்பனையாளனாக. இறங்கிய மறுநாளே ஊருக்கு வெளியே, பாலையில், ஓர் ஆட்டுப் பண்ணைக்கு அனுப்பிவிட்டார்கள். பாஸ்போர்ட் முதலாளியின் இரும்புப் பெட்டியில். தண்ணீர் வண்டி வாரம் ஒரு முறை வரும். அந்த ஓட்டுநர்தான் அண்ணன் பார்க்கும் ஒரே மனிதர். அந்த ஓட்டுநரிடம் கெஞ்சி ஒரு கேசட்டில் பேசி அனுப்பியிருந்தார். அதில் பாதிக்கு மேல் ஆடுகளின் சத்தம்தான் என்றான்.

அனுப்பிவைத்த ஏஜென்ட் திண்டிவனத்துக்காரர். நண்பனின் தாயார் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோட்டக்குப்பத்திலிருந்து பேருந்தேறி அவர் அலுவலகத்துக்குப் போய், வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருவாராம். சண்டை போடுவதில்லை, அழுவதில்லை. “சலாம் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்” என்பாராம். ஓராண்டு உட்கார்ந்த பிறகு ஏஜென்ட் ஒருநாள் உள்ளே கூப்பிட்டு, நாற்காலி போட்டு, ஜனவரியில் பாஸ்போர்ட்டை வாங்கி ஆளை அனுப்பி வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். ஒரே நிபந்தனை: யாருக்கும் தெரியக் கூடாது.

“ஒருத்தன் திரும்பி வர்றான்னு தெரிஞ்சா மீதிப்பேரு வூட்டு ஜனமும் வந்து நிக்கும்ல? அதான். நீ யாராண்டையும் சொல்லாத.”

“நான் என்னா ரேடியோவா?” என்றேன்.

அரங்கம் நிரம்பியிருந்தது. மழைக்கு ஒதுங்கிய கடைத்தெரு மக்கள் பின்வரிசைகளில் ஈரத்தோடு நின்றார்கள். வெளியே கூம்பு ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஏழு நிமிடம். ஆறாவது நிமிடத்தில் எச்சரிக்கை மணி.

நண்பன் முதலில் பேசினான். அவன் சொன்ன ஒன்று இன்றும் எனக்கு வரி வரியாக நினைவிருக்கிறது. கியூபா நெருக்கடியின்போது ஒரு வல்லரசு தன் ஏவுகணைகளை உலகம் பார்க்கத் திரும்ப எடுத்துக்கொண்டது. மற்ற வல்லரசும் துருக்கியில் வைத்திருந்த தன் ஏவுகணைகளைச் சில மாதங்கள் கழித்துச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டது. ‘அந்த இரண்டாவது பாதியை வெளியில் சொல்லக் கூடாது என்பதே உடன்பாடு. உலகம் பிழைத்தது அந்த மௌனத்தால். எதிராளி தன் வீட்டுக்குத் திரும்பிப் போய்ச் சொல்லிக்கொள்ள ஒரு சொல்லை நாம் கொடுத்தனுப்ப வேண்டும். அது இல்லாமல் எந்த ஒப்பந்தமும் நிற்காது.’ அவன் இதைக் குரல் உயர்த்தாமல் சொன்னான். நடுவர்கள் குறித்துக்கொண்டார்கள். பின்வரிசையில் யாரும் தட்டவில்லை.

நான் எழுந்தேன். சரக்கு ரயிலுக்கு மேல் ஒலித்த குரல். எனக்கு ஒலிவாங்கியே மிகை. அச்சத்தால் காக்கப்படாத கையெழுத்து மையால் போட்ட கோலம் என்றேன், தட்டினார்கள். ஏவுகணையை மலைக்குள் ஒளித்து வைத்துவிட்டு மேசையில் வெறுங்கையைக் காட்டுபவனிடம் என்ன பேச்சு என்றேன், தட்டினார்கள். ஆறாவது நிமிட மணி அடித்தது. முடிவுக்கு நான் தயாரித்து வைத்திருந்த உவமை அந்தக் கணத்தில் எனக்குச் சப்பென்று தோன்றியது. கைக்கெட்டும் தூரத்தில் இன்னொன்று சூடாக இருந்தது.

“பெரியோர்களே, ஐஸ்லாந்து வரை எதற்குப் போக வேண்டும்? இதே திண்டிவனத்தில் ஓர் ஏஜென்ட் இருக்கிறார். அவர் அனுப்பிய ஒரு மகன் பாலைவனத்தில் ஆடு மேய்க்கிறான். அவன் பாஸ்போர்ட் ஒரு பெட்டியில். பெற்றவள் வாரந்தோறும் வந்து பெஞ்சில் உட்கார்ந்து பேச்சுவார்த்தை நடத்துகிறாள்! பெட்டி அவர் கையில், பெஞ்சு இவளுக்கு. இதற்குப் பெயர் ஒப்பந்தமா? பூட்டை உடைக்கத் துணியாதவன் சாவிக்காகக் காத்திருப்பதற்குப் பெயர் சமாதானமா?”

அரங்கம் இடிந்தது. ஆனால் எல்லாத் தலைகளும் என்னைப் பார்க்கவில்லை; முன்வரிசையை நோக்கித் திரும்பின. என் பேச்சின் வீச்சு அது என்றே நினைத்தேன். முன்வரிசையில் வெள்ளைச் சட்டையில் ஒருவர், மடியில் கோத்திருந்த கைகளை எடுத்து, எல்லோரையும் போல் தட்டிக்கொண்டிருந்தார். தன் தந்தையின் நினைவாக அந்தச் சுழற்கேடயத்தை வழங்கியவர் அவர் என்பது அழைப்பிதழில் இருந்தது. அவர் தொழில் என்ன என்பது அதில் இல்லை. நண்பன் எனக்கு ஊரைச் சொன்னான், பெயரைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எடுத்துக்காட்டுக்குப் பெயர் தேவைப்படுவதில்லை.

கேடயம் எங்களுக்கு என்று அறிவித்தார்கள். பரிசளிப்பு இரண்டு வாரம் கழித்து, அதே அரங்கில். திரும்பும் பேருந்தில் நண்பன் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தான். தார்ப்பாய் இறங்கியிருந்தது, பார்க்க எதுவும் இல்லை. விக்கிரவாண்டி தாண்டிய பிறகு ஒரே ஒரு வார்த்தை சொன்னான்: “அவருதான்டா.”

அடுத்த வெள்ளிக்கிழமை தாயார் போனபோது ஏஜென்ட் கோபப்படவில்லை. உள்ளே அழைத்து, நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். மறுநாள் நண்பன் விழுப்புரத்தில் நான் தங்கியிருந்த அறைக்கு வந்தான்.

“கத்தியிருந்தா தேவலாம். சிரிச்சிக்கினே சொன்னாராம். ‘ஊருக்கு முன்னால சொன்னதை ஊருக்கு முன்னாலயே இல்லன்னு சொல்லிட்டா நான் சொன்ன தேதி மாறாது’ன்னு. பரிசு குடுக்குற அன்னிக்கி மைக்கில. மூணே வரி. நான் எழுதிக்கினு வந்துட்டேன்.”

நோட்டுத்தாளில் கிழித்த ஒரு துண்டு. ‘சென்ற முறை இந்த மேடையில் நான் சொன்ன ஊர்ச் செய்தி உண்மையன்று. கேள்விப்பட்டதைச் சரிபாராமல் சொன்னேன். அதற்காக வருந்துகிறேன்.’

“உண்மையை உண்மையில்லைன்னு சொல்லச் சொல்றியா? மைக்கு முன்னாடி நின்னு நானா பொய் சொல்றது?”

“ஏன்டா, ஒப்பந்தமே கூடாது, மோதுன்னு கத்துனியே, அத நம்பித்தான் கத்துனியா? மூணு பருப்பு இருந்துச்சி. அதுக்காகக் கத்துன.” சொல்லிவிட்டுத் தாளை என் குறிப்பேட்டுக்குள், அந்த இரு தலைவர்களின் படத்துக்கு மேல் வைத்தான். “எங்கண்ணன் வரணும். அவ்ளோதான். உன் மானத்துக்கு நான் அப்புறம் பதில் சொல்றேன்.”

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த மூன்று வாக்கியங்களையும் நடைமேடையில் ரயிலே இல்லாத நேரத்தில் சொல்லிப் பார்த்தேன். வாழ்க்கையில் அத்தனை கடினமான எதையும் நான் மனப்பாடம் செய்ததில்லை.

பரிசளிப்பு நாளில் அரங்கம் சொற்போர் நாளைவிட நிறைந்திருந்தது. பின்வரிசைகளில் பெண்கள் இருந்தார்கள். சொற்போர்களில் நான் கண்டிராத கூட்டம். கிளியனூர்ப் பக்கத்திலிருந்தும் கடலோரத்திலிருந்தும் வந்தவர்கள் என்று பிறகு அறிந்தேன். என் குரல் கூம்பு ஒலிபெருக்கி வழியாகக் கடைத்தெருவுக்குப் போய், அங்கிருந்து பேருந்தேறி ஊர்களுக்குப் போயிருந்தது. மேடையில் ஏஜென்ட் உட்கார்ந்திருந்தார். அருகே சிவப்புத் துணி போர்த்திய மேசையில் கேடயம்.

என்னை அழைத்தார்கள். நான் மூன்று வாக்கியங்களையும் சொன்னேன். ஒரு சொல் மாற்றவில்லை.

அமைதி. அதற்கு முன் என் பேச்சுக்குப் பின் அப்படியோர் அமைதியை நான் கேட்டதில்லை. மின்விசிறிகளின் சத்தம் தனித்தனியாகக் கேட்டது. பின்வரிசையில் ஒரு பெண் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு என்னையே பார்த்தார். ஏஜென்ட் தலையை மெல்ல அசைத்தார்: போதும், நல்லது, உட்கார் என்று. அந்த அசைவோடு எல்லாம் முடிந்திருந்தது. உடன்பாடு நிறைவேறிவிட்டது. நான் மூன்றடி பின்னால் வைத்து என் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் உலகம் என்னிடம் கேட்டது.

ஒலிவாங்கி இன்னும் என் வாய்க்கு நேரே இருந்தது.

“ஆம், நான் சொன்னது பொய்,” என்றேன். “இந்த ஊரிலிருந்து போனவர்கள் எல்லோரும் நினைத்த நாளில் திரும்பி வருகிறார்கள். வராதவர்களோ, பாலைவனத்தின் குளிர்ச்சியில் மயங்கி, ஆட்டுக்குட்டிகளின் அன்பில் நெகிழ்ந்து, தாமாகவே தங்கிவிட்டவர்கள்!”

முதலில் ஒரு சீழ்க்கை. பிறகு சிரிப்பு, பிறகு நான் கேட்டதிலேயே பெரிய கைதட்டல். பின்வரிசைப் பெண்கள் தட்டவில்லை. அவர்களில் சிலர் அழுதார்கள். ஆண்கள் எழுந்து நின்றார்கள். அந்தச் சில நொடிகள் என் உடம்பில் ஓடிய இன்பத்தை நான் மறைக்கப் போவதில்லை. அது தணிவதற்குள் நண்பனைப் பார்த்தேன். அவன் கேடயத்தை வாங்குவதற்காக எழுந்து நின்றிருந்தான். கைகள் ஏற்கெனவே நீட்டியபடி.

ஏஜென்ட் அவனிடம்தான் கேடயத்தைக் கொடுத்தார். இருவரும் அதைப் பிடித்தபடி நிற்க, புகைப்படம் எடுத்தார்கள். பிறகு என் தோளைத் தட்டினார்.

“நல்ல பேச்சு தம்பி. நீ எங்கயோ போவப்போற.”

ஜனவரி வந்தது. தாயார் வெள்ளிக்கிழமைகளில் போனார். பெஞ்சு அங்கேயே இருந்தது. ஏஜென்ட் ஒருமுறைகூட முடியாது என்று சொல்லவில்லை. “எழுதியிருக்கேன்மா, பதில் வரல,” என்பதோடு சரி. கேசட்டும் வரவில்லை. தண்ணீர் வண்டி ஓட்டுநரை மாற்றிவிட்டார்கள் என்று வேறொருவர் மூலம் தெரிந்தது. நீ பேசியதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறதா என்று கேட்டால் என்னால் மெய்ப்பிக்க முடியாது. சொற்போரில் எவனாவது இப்படித் தற்செயல்களை அடுக்கியிருந்தால் நானே அவனை நார் நாராகக் கிழித்திருப்பேன். எனக்கு எதிராக மட்டும் அந்த வாதம் நிற்கிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். என் நான்காவது வாக்கியத்தைக் கேட்ட கிளியனூர்க் குடும்பம் ஒன்று, உறவினர்களைத் திரட்டிக்கொண்டு போய் அவர் வாசலில் மூன்று நாள் நின்று சண்டையிட்டது. அவர்கள் பிள்ளை பங்குனியில் வந்து இறங்கினான். அவனுடைய தகப்பனார் விழுப்புரத்துக்கு வந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு என்னைக் கும்பிட்டார். “நீங்க பேசலன்னா என் புள்ள இல்லீங்க.” அந்தக் கும்பிடை நான் இரண்டாண்டுகளுக்கு மேலாகச் சாட்சிப் பத்திரம்போல் பாதுகாத்து வருகிறேன். இரவில் அதை எடுத்துப் படித்தால் தூக்கம் வரும் என்று நினைத்திருந்தேன்.

நண்பன் என்னோடு சண்டை போடவில்லை. இறுதியாண்டின் மீதி மாதங்கள் முழுவதும் ஒரே வகுப்பில் உட்கார்ந்தோம். குறிப்பேடு கேட்டால் கொடுப்பான். சொற்போருக்கு மட்டும் வர மறுத்துவிட்டான். கல்லூரி வேறொருவனை அனுப்பியது, அவன் திணறினான், அடுத்து வந்த சொற்போரில் கேடயம் கடலூர்ப் பக்கம் போய்விட்டது.

எண்பத்தேழு டிசம்பரில், படிப்பை முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த நாளில், விழுப்புரம் சந்திப்பின் புத்தகக் கடையில் அந்தச் செய்தியைப் படித்தேன். அதே இரு தலைவர்களும் கையெழுத்திட்டுவிட்டார்கள். நடுத்தரத் தூரம் பாயும் ஏவுகணைகளை அடியோடு ஒழிப்பதாம். ஒருவர் தளத்துக்குள் மற்றவர் ஆய்வாளர்கள் நுழைந்து சரிபார்ப்பதாம். ஐஸ்லாந்தின் கார் கதவருகே அந்த முகத்தோடு பிரிந்தவர்கள் எப்படி மறுபடியும் உட்கார்ந்தார்கள்? அன்று பிரிந்தபோது யாராவது ஒருவர், கூட்டத்தின் கைதட்டலுக்காக, ஒரு வாக்கியம் கூடுதலாகப் பேசியிருக்கக்கூடும். பேசவில்லை போலும். அல்லது பேசியிருந்தும் மற்றவர் கேட்காததுபோல் இருந்திருப்பார். இதை நண்பனிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. மேடையில் அவன் பக்கம்தான் வென்றது என்று சொல்லலாம். கோட்டக்குப்பத்துக்குப் பேருந்து நின்றுகொண்டிருந்தது. நான் ஏறவில்லை.

அண்ணன் இந்த ஆண்டு, எண்பத்தொன்பதில், வந்தார். பேச்சாலும் இல்லை, சண்டையாலும் இல்லை. அந்த முதலாளி இறந்துபோக, அவர் மகன் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த பாஸ்போர்ட்டுகளை அவரவரிடம் கொடுத்துவிட்டானாம். செய்தி கேட்டு, நான்காவது நாள் நான் போனேன். பேருந்தில் ஒரு மன்னிப்பைக் கட்டிக்கொண்டே போனேன். முன்னுரை, ஒப்புதல், விளக்கம், வேண்டுகோள். பொம்மையார்பாளையம் தாண்டி இறங்கும்போது அது முழுமையாக இருந்தது.

வீட்டு வாசலில் நண்பன் என்னைப் பார்த்தான். உள்ளே விட்டான்.

“மெதுவா பேசு. அவருக்குச் சத்தம் ஆவல,” என்றான்.

அண்ணன் சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். முப்பத்திரண்டு வயதென்று எனக்குத் தெரியும், பார்த்தால் தெரியாது. கண்ணிமைகள் வெந்து சிவந்திருந்தன. பேச ஆளில்லாத இடத்தில் ஐந்தாண்டு இருந்தவர். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் ஒரு பத்தியை முடித்திருப்பேன். தாயார் டீ கொண்டுவந்து வைத்தார். “நல்லா இருக்கியா தம்பி? வேல கெடச்சிதா?” என்று கேட்டுவிட்டு மகனுக்கு அருகில் உட்கார்ந்துகொண்டார். அவர் கை மகனின் சட்டை விளிம்பைப் பிடித்திருந்தது.

கட்டிக்கொண்டு வந்ததில் எதுவும் வாயில் வரவில்லை. “அன்னிக்கி நான் பேசுனதுக்கு வருத்தப்படுறேண்ணா,” என்று மட்டும் சொன்னேன்.

அண்ணன் தலையை நிமிர்த்தினார்.

“எந்தப் பேச்சு?” என்றார்.

அவருக்குத் தெரியாது. அந்த நான்கு நாட்களில் தம்பியும் சொல்லவில்லை, தாயும் சொல்லவில்லை. கதவருகே நின்ற நண்பனைப் பார்த்தேன். அவன் தலையை இடவலமாக ஒருமுறை, மிக மெதுவாக அசைத்தான். என் ஒப்புதலுக்கு அந்த வீட்டில் இடமில்லை என்று புரிந்தது. சொன்னால் என் நெஞ்சு இறங்கும். அவர் ஐந்தாண்டுகளுக்கு ஒரு காரணமும் ஒரு முகமும் கிடைக்கும்.

“சும்மா, காலேஜ்ல ஒரு போட்டிண்ணா. நானும் தம்பியும் பேசுனோம்.”

அவர் அதை யோசித்தார். டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். கீழே வைத்தார்.

“ஜெயிச்சீங்களா?”

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் கதவருகிலிருந்து நண்பன் பதில் சொன்னான்.

“ஜெயிச்சோம்ணா.”